செல்லாக் காசின் விலை

பழங்காசு சேர்க்கிறவன் என்று ஒருவன் பேர் எடுத்துவிட்டால் ஒரே கேள்விக்கு ஆயுள் முழுவதும் பதில் சொல்லிக் கொண்டிருக்க வேண்டியதுதான். அண்டை வீட்டுக்காரர், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், யாராயிருந்தாலும் சரி, வந்த காரியம் முடிந்ததும் பர்ஸின் உள்மடிப்பிலிருந்து ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறார்கள். "இது எவ்வளவு போகும்?" என்கிறார்கள். "இது யாருடைய காசு?" என்று முதலில் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசு பிறந்ததே விலை சொல்வதற்காகத்தான். ஆனால் செல்லும் காசுக்கும் செல்லாக் காசுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான எல்லைக்கோடு இருக்கிறது. 2011ஆம் வருஷம் ஜூன் மாதம் 30ஆம் தேதியோடு நம்முடைய நாலணா, அதாவது 25 காசும், அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற் போயின. அன்றுவரை அதன் மதிப்பு என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மறுநாள் முதல் அது ஆளுக்கு ஆள் வேறுபடும் அபிப்பிராயமாகிவிட்டது. கடைக்காரர் கைவிட்ட இடத்தில்தான் சேகரிக்கிறவனுடைய வேலை ஆரம்பமாகிறது.

பழசாக இருந்தால் விலை அதிகம் என்று ஒரு நம்பிக்கை எல்லாரிடமும் ஊறிப் போயிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் செப்புக்காசை எடுத்துக் கொள்ளுங்கள். தலைப் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான்; பூப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்; அவன் கையருகே 'ஸ்ரீ ராஜராஜ' என்று நாகரி எழுத்து. உருவத்தில் சதை என்பதே கிடையாது, கோடும் புள்ளியுந்தான். (அப்படிப்பட்ட சிற்பிகள் வாழ்ந்த நாட்டில் காசுக்கு அச்சு வெட்டியவன் ஏன் இப்படி ஓர் எலும்புக்கூட்டை வெட்டினான் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.) ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. ஆயிரம் வருஷத்துக் காசு! இருந்தும் அவன் செப்புக்காசு மலிவான பழங்காசுகளில் ஒன்று. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அவ்வளவு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. ஈழத்து மன்னர்கள், பராக்கிரமபாகுவிலிருந்து லீலாவதி என்ற அரசி வரை, இதே நிற்பவனையும் உட்கார்ந்தவனையும் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் தங்கள் பெயராக மாற்றிக் கொண்டார்கள். அதே ராஜராஜனின் தங்கக் காசு அபூர்வம். அது வேறு கதை.

இதற்கு நேர் எதிர், 1911ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். வயது நூற்றுச் சொச்சந்தான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போர்த்திருக்கும் அங்கியில் மிகச் சிறியதாக ஒரு யானை உண்டு. அச்சு வெட்டியவர் அதற்குத் துதிக்கையைச் சரியாகக் கொடுக்கவில்லை. காசு கடைவீதிக்கு வந்ததும், அது யானையல்ல, பன்றி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. முஸ்லிம்கள் வாங்க மறுத்தார்கள். சுமார் 94 லட்சம் ரூபாய் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சந்தான் வெளியே போயிருந்தது. பாக்கியைச் சர்க்கார் உருக்கிவிட்டது. 1912இல் யானைக்கு ஒழுங்கான துதிக்கை முளைத்தது. அந்தப் பன்றி ரூபாய்க்கு இன்றைக்கும் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு. வெள்ளியின் எடை மற்ற ரூபாயின் எடைதான். விலையை ஏற்றியது ஒரு வதந்தி.

காசின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதும் விலையில் சேரும். நம் வீடுகளில் பூமியிலிருந்து ஒரு செப்புக்காசு கிடைத்தால் முதலில் நடப்பது அபிஷேகம். புளியைக் கரைத்துத் தேய்த்து, அதற்கும் மசியாவிட்டால் சாம்பல் போட்டுத் துலக்கி, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். எனக்கு வயிறு பகீரென்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த செம்பு, பச்சையும் பழுப்புமாகத் தன் மேல் ஒரு தோலைப் போர்த்திக் கொள்கிறது. தேய்ந்த எழுத்தின் கடைசி வரம்புகள் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. புளி அதைத்தான் தின்கிறது. வெளிறிய பச்சையில் பொடிப் பொடியாக உதிரும் நோய் ஒன்று உண்டு. அது வந்த காசுக்கு வைத்தியம் வேண்டியதுதான், அதுவும் தெரிந்தவர் கையால். மற்றப்படி, தேய்க்காத அழுக்குக் காசுக்குத் தேய்த்த பளபளப்புக் காசைவிட விலை அதிகம் என்று சொன்னால் எந்தக் குடும்பத் தலைவியும் நம்புவதில்லை.

நம்பக் கூடாததை மட்டும் எல்லாரும் உடனே நம்புகிறார்கள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 என்ற வருஷம், 'ஒரு அணா' அல்லது 'அரை அணா' என்ற வாசகம். இந்தக் காசைக் காட்டாத ஊரே இல்லை. சிலர் பூஜையில் வைத்திருக்கிறார்கள். சிலர் இது அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிலத்தை விற்றுக்கூட வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு அணா நாணயம் முதல்முதலாக வெளிவந்ததே 1907இல், ஏழாம் எட்வர்டு காலத்தில். அதுவும் வெண்ணிற நிக்கல் கலப்பில். இந்தியா முழுவதற்கும் பொதுவான கம்பெனியின் செப்பு அரையணா 1835இலிருந்துதான். இந்த இரண்டு வருஷங்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், ஒரு குடும்பத்தின் நிலம் தப்பும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கம்பெனி தெய்வ உருவம் போட்ட காசு அடித்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் அது திருமாலைத் தேவியர் இருவரோடு பொறித்து 'மூன்று சுவாமி வராகன்' என்று தங்க நாணயம் அடித்தது உண்மை. வியாபாரிக்கு எந்தக் கடவுள் செல்லுமோ அந்தக் கடவுள். பொய்க்காசு செய்பவன் அந்த உண்மையின் நிழலில்தான் உட்கார்ந்து தொழில் நடத்துகிறான். பழைய காசுக்கும் நோட்டுக்கும் லட்சம் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள், ஜாக்கிரதை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

சில வருஷங்களுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு பழைய பாத்திரக் கடைக்கு மூன்று நாள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். செம்பும் பித்தளையும் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கும் கடை. மூலையில் ஒரு சாக்கில் உடைந்த குழாய்களுக்கும் ஓட்டைச் சொம்புகளுக்கும் அடியில் பழங்காசுகள் கிடந்தன. மூன்றாம் நாள் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"என்ன சார்வாள், நேத்தும் வந்தீய, இன்னைக்கும் வந்திருக்கீய. இந்தச் செல்லாக் காசை வச்சு என்னதான் செய்யப் போறீய?"

"படிக்கத்தான் அண்ணாச்சி. இதுல ஒரு ராசா பேரு இருக்கு."

"இருக்கட்டும். நான் எடை போட்டு வாங்குதேன், எடை போட்டு விக்கேன். மூஞ்சிக்குன்னு தனியா விலை கிடையாது."

அப்படிச் சொன்னவர், நான் பொறுக்கி வைத்த பதினோரு காசையும் கைமாறிய பிறகு ஒரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவற்றுள் ஒன்றில் 'சோணாடு' என்ற எழுத்து, தமிழ் எழுத்து, முழுசாக இருந்தது. இரண்டு மீன்களும் இருந்தன. 'சோணாடு கொண்டான்' என்பது முழு வாசகம். 1216இல் பட்டத்துக்கு வந்து சோழ நாட்டை வென்ற மாறவர்மன் சுந்தர பாண்டியனின் விருதுப் பெயர். ஒரு படையெடுப்பின் வெற்றியைக் கட்டைவிரல் நகத்தளவு செம்பில் எழுதி, அதைக் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கும்படி ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறான் பாண்டியன். தோற்ற நாட்டுக்காரனும் அதை வாங்கித்தான் இருப்பான்.

இந்த மாதிரிச் சாக்குகளில் முதலில் கை விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லோவந்தால் என்ற டேனிஷ் பாதிரியார் இருந்தது வேலூரில். அவர் 1888இல் புத்தகம் போட்டது திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி. டஃப்னல் என்ற ராணுவ அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேர்க்கிறவர்களுக்கு யோசனை சொல்வதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி சர் வால்டர் எலியட். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று ஸ்காட்லாந்துக்குப் போய், எண்பது வயதைத் தாண்டி, கண் ஏறக்குறைய அவிந்துவிட்ட நிலையில், 1885இல் தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1887இல் காலமானார். நம்மவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளி வக்கீல் தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணய நூல் 1933இல் வந்தது. இவர்களில் எவருக்கும் காசு ஆராய்ச்சி சம்பளம் தந்த வேலை அல்ல. ஒருவர் பிரசங்கம் செய்தார், ஒருவர் வரி வசூலித்தார், ஒருவர் வழக்காடினார். மிச்சமிருந்த பொழுதில் செய்ததுதான் நமக்குச் சரித்திரமாக மிஞ்சியிருக்கிறது.

பாத்திரக் கடைக்காரர் சொன்ன எடைக் கணக்கை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. அது மிகப் பழைய கணக்கு. ரோமாபுரித் தங்கம் தமிழகத்துக்குக் கப்பல் கப்பலாக வந்த காலத்திலும் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் வயிற்றெரிச்சலோடு ஒரு கணக்கு எழுதி வைத்தார்: வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று. மிளகும் முத்தும் மெல்லிய துணியும் அங்கே போயின. தங்கமும் வெள்ளியும் இங்கே வந்தன. அந்தத் தங்கம் பூமியிலிருந்து திரும்ப வெளிப்பட்ட இரண்டு சந்தர்ப்பங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 1847இல், மலபாரில், கண்ணூருக்குக் கிழக்கே கோட்டயம் என்ற இடத்தருகே. (திருவாங்கூர்க் கோட்டயம் அல்ல, இது வேறு.) ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ரோமானியப் பொற்காசுகள். ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு இருந்ததாம். அக்கசாலையிலிருந்து நேற்று வந்தவை போல் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தனவாம். இந்த 'ஆம்'தான் நமக்கு மிச்சம். சில காசுகள் ராஜாக்களிடமும் துரைமார்களிடமும் போய்ச் சேர்ந்தன. பெரும்பகுதி கை மாறி, தட்டான் மூசையில் உருகி, யாருடைய கழுத்திலோ காதிலோ ஏறிவிட்டது. மொத்தம் எத்தனை, எந்த எந்தச் சக்கரவர்த்தி எத்தனை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. உருக்கியவர்கள் நஷ்டப்படவில்லை. தங்கத்தின் எடைக்கு ஒரு குன்றிமணி குறையாமல் விலை வாங்கியிருப்பார்கள்.

இரண்டாவது 1898இல், புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கத்தில். 501 பொற்காசுகள். அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரையிலான சக்கரவர்த்திகள். இவை சிதறாமல் ஒன்றாகப் பிழைத்தன. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஹில் என்ற அறிஞர் இவற்றைப் பரிசீலித்து எழுதினார். அப்போதுதான் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. பெரும்பாலான காசுகளில், சக்கரவர்த்தியின் தலை மேல், உளியால் ஒரு வெட்டு!

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அந்த 501இல் ஒன்று மட்டும் தனியாக ஒரு வியாபாரியின் மேஜைக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "முகத்தில் காயம், விலை பாதி" என்றிருப்பார். அவர் கணக்குப்படி அது நியாயமும்கூட. ஆனால் நூற்றுக்கணக்கான முகங்களில் அதே காயம் வரிசையாக இருந்தால் அது காயமல்ல, வாக்குமூலம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு காசாக எடுத்து, தலைப் பக்கத்தைத் திருப்பி வைத்து, உளியை நிறுத்தி, அளவாகத் தட்டியிருக்கிறார். ஏன்?

உள்ளே செம்பு வைத்து மேலே தங்கம் பூசிய மோசடியா என்று சோதிப்பதற்கு என்று ஒரு சமாதானம் உண்டு. எனக்கு அது போதவில்லை. சோதிக்க வேண்டுமானால் ஓரத்தில் வெட்டினால் போதுமே, குறி பார்த்து முகத்தில் எதற்கு? அந்நிய அரசனின் அதிகாரத்தை நீக்கி, 'இனி இது நாணயமல்ல, வெறும் தங்கம்' என்று உள்ளூர் அதிகாரம் போட்ட அடையாளம் என்பது இன்னொரு கருத்து. கதை எழுதுகிறவன் புத்திக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. உளியைப் பிடித்திருந்த அந்த ஆளும் கிட்டத்தட்ட என் திருநெல்வேலி அண்ணாச்சியின் வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார்: எடைக்கு விலை உண்டு, மூஞ்சிக்குத் தனி விலை கிடையாது.

எடையில் நம் முன்னோர் எவ்வளவு கண்ணாயிருந்தார்கள் என்பதற்கு வெள்ளிக் காசும் சாட்சி சொல்வதாக ஒரு சாரார் கருதுகிறார்கள். கி.பி. 64இல் நீரோ நாணயத்தை மட்டமாக்கினான். அதற்கு முன் ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 தினாரி அடித்தார்கள். அவன் 96 அடித்தான். பொற்காசு 40 என்றிருந்தது 45 ஆயிற்று. வெள்ளியில் கலப்படமும் கூடியது. தமிழகத்தில், முக்கியமாகக் கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் கிடைத்த வெள்ளிக்காசுப் புதையல்களில் நிரம்பி வழிகிறவை நீரோவுக்கு முந்திய அகஸ்டஸும் டைபீரியஸுந்தான். பின்னால் வந்த மட்ட வெள்ளியை இங்கே யாரும் சீந்தவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். யவன வியாபாரியே நல்ல காசைப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்தான் என்றும் கொள்ளலாம். எப்படியானாலும், அவனுக்கு எதிரே மணையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தராசும் கண்ணும் இருந்தன.

அந்தக் கண்ணுள்ளவருக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: வண்ணக்கன். நாணயத்தை நோட்டம் பார்ப்பவன். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்றெல்லாம் இருக்கிறார்கள். காசை உரசிப் பார்த்த கை பாட்டும் எழுதியிருக்கிறது. நாற்பது வருஷங்களுக்கு முன்வரை இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு நாம் ஒரு சங்கடத்தில் இருந்தோம். நோட்டக்காரர் இருந்தார் சரி, நோட்டம் பார்க்கக் காசு யாருடையது? ரோமானியக் காசு உண்டு. வடக்கே பிறந்த முத்திரைக் காசுகள் உண்டு. சங்க காலத்துச் சேர சோழ பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு அடித்தார்களா? அடிக்கவில்லை என்று சொல்லி வந்த அறிஞர்கள் பலர். மீனும் யானையும் போட்ட சதுரச் செப்புக்காசுகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. பெயர் இல்லாத காசு பேசாத சாட்சி. எந்த நூற்றாண்டில் வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம்.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, பத்திரிகை ஆசிரியர். தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஓய்வு நேரத்தில் காசு சேர்த்தவர். 1980களின் நடுவில், மதுரையில் வாங்கிய பழங்காசுகளுக்கிடையே ஒரு சின்னச் சதுரச் செம்பை அவர் கவனித்தார். ஒரு பக்கம் குதிரை. மறு பக்கம் கோடுகளாய்ச் சுருங்கிய மீன். குதிரைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு பெயர்: பெருவழுதி.

பழைய பாத்திரக் கடைத் தராசில் அதற்கு என்ன விலை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில்லறைகூட வராது. எந்தப் பெருவழுதி என்று அந்தக் காசு சொல்லவில்லை. முதுகுடுமிப் பெருவழுதி உண்டு, உக்கிரப் பெருவழுதி உண்டு, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி உண்டு. குதிரையைப் பார்த்ததும் வேள்விகள் பல செய்த முதுகுடுமியே என்று முடிவு கட்ட ஆசை வருகிறது. ஆசை மட்டுந்தான். ஆனால் பாட்டில் மட்டும் வாழ்ந்த ஒரு பெயர் செம்பில் கிடைத்தது. பாண்டியன் காசு அடித்தான்.

அதற்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து 'மாக்கோதை' என்ற பெயரோடு சேரனின் வெள்ளிக்காசு; கொல்லிப்புறை, குட்டுவன் கோதை என்ற பெயர்களோடு வேறு காசுகள். அந்த மாக்கோதைக் காசில் ஒரு மனிதத் தலை இருக்கிறது, ரோமானியக் காசில் இருக்கிற மாதிரியே. புதுக்கோட்டைச் சீமையில் ரோமானியன் முகத்தை உளியால் கீறினார்கள். கரூரில் சேரன் அதைப் பார்த்துத் தன் முகத்தைப் பொறித்தான். மூஞ்சிக்கு ஏதோ விலை உண்டு என்று அவனுக்கு மட்டும் பட்டிருக்கிறது. 1997இல் கிருஷ்ணமூர்த்தி இந்தச் சங்க காலக் காசுகளையெல்லாம் தொகுத்து ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். அவர் 2021இல் காலமானார்.

இவ்வளவு பெருமையையும் சொல்லிவிட்டு, இந்தப் பொழுதுபோக்கில் உள்ள பொல்லாங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அமராவதியிலும் வைகையிலும் காசுகளைக் கண்டெடுத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல. தண்ணீர் வற்றிய காலத்தில் ஆற்று மணலைச் சல்லடையில் அரித்து, பொன் துகளும் பழம்பொருளும் தேடிப் பிழைக்கிற ஏழைகள். அவர்கள் கையிலிருந்து சிறு வியாபாரிக்கு, அவரிடமிருந்து பெரிய வியாபாரிக்கு, அவரிடமிருந்து சேகரிப்பவருக்கு. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஊர் மறைகிறது. நல்ல காசு எங்கே கிடைத்தது என்று சொன்னால் அடுத்தவன் அங்கே போய்விடுவான் அல்லவா? அதனால் கரூர்க் காசை மதுரைக் காசு என்பார்கள். மதுரைக் காசைத் திருக்கோவலூர் என்பார்கள். சேகரிப்பவன் காசைக் காப்பாற்றுகிறான், உண்மை. அவன் கொடுக்கும் விலைதான் அடுத்த குழியையும் தோண்டச் செய்கிறது, அதுவும் உண்மை.

ஆற்றில் அகப்பட்ட காசுக்கு மண்ணடுக்கு இல்லை, கூட ஒரு பானை ஓடு இல்லை, கரித்துண்டு இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துக்குக் காலம் சொல்கிறவர்களோ தங்களுக்குள் ஒரு நூற்றாண்டு, இரண்டு நூற்றாண்டு வித்தியாசப்படுகிறார்கள். அந்தப் பெருவழுதி மட்டும் முறையான அகழாய்வுக் குழியில், ஒரு வீட்டுத் தரையில், சுட்ட மண் விளக்குக்குப் பக்கத்தில் கிடைத்திருந்தால், பாதி வாதம் அன்றைக்கே அடங்கியிருக்கும். புதுக்கோட்டைக் குவியலை நான் அவ்வளவு நீட்டிச் சொன்னதற்கும் இதுதான் காரணம். தங்கம் என்பதால் அது பெரிதல்ல. 501உம் சேர்ந்தே இருந்தன.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாயை இன்னும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கு அதில் ஒரு கீரைக்கட்டு வாங்குவது கஷ்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனிமனிதர் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. இவற்றைக் கண்டு பயந்துதான் பலர் கிடைத்ததை இரவோடிரவாகத் தட்டானிடம் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்டெடுத்தவருக்கும் பங்கு கிடைக்க அதே 1878ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

அந்தச் சட்டம் கண்டெடுத்தவரிடம் கேட்பது மூன்றே விஷயந்தான்: கிடைத்தது என்ன, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில். சரித்திர ஆசிரியர்கள் கூடி யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல கேள்விகளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. விக்டோரியா காலத்துச் சர்க்கார் தன் பங்குத் தங்கத்துக்காகக் கேட்ட கேள்விகள் அவை. நான் காசு போட்டு வைக்கும் காகித உறைகளின் மேலும் அதே மூன்றைத்தான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வாங்கிய விலையை எழுதுவதில்லை. அது மறந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. சுந்தர பாண்டியன் காசு இருக்கும் உறையில் முதல் கோட்டுக்கு நேரே 'சோணாடு, இரண்டு மீன், செம்பு' என்று இருக்கிறது. தேதி என்ற கோட்டில், மண்ணிலிருந்து வந்த நாள் தெரியாததால், நான் வாங்கிய நாள். இடம் என்ற கோட்டில் 'திருநெல்வேலி, பழைய பாத்திரக் கடை, சாக்கு' என்று எழுதியிருக்கிறேன். சாக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். மூன்று ஊர்ச் சாக்கை ஒன்றாகக் கொட்டி ரொம்ப நாளாயிற்று என்றார்.